நாபோத்தைக் கொன்றது யார்?

வானொலி மறையுரை
பொதுக்காலம் 11ஆம் வாரம் – திங்கள்
1 அரசர்கள் 21:1-16, மத்தேயு 5:38-42



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கிறோம். இஸ்ரியேல் என்ற ஊரில், அரண்மனையை ஒட்டி, நாபோத்து என்பவருக்கு அந்தத் தோட்டம் இருந்தது. அரசன் ஆகாபு அதைக் கேட்கிறான். காய்கறி போடுவதற்கு வேண்டுமாம். வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் வாங்கிக்கொள் என்கிறான். நியாயமான பேரம் போலத்தான் தெரிகிறது. ஆனால் நாபோத்து மறுத்துவிடுகிறார். இது என் முன்னோர் விட்டுச் சென்ற உரிமை, இதைக் கொடுக்க மாட்டேன் என்பதே அவர் பதில்.

இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. நிலம் கடவுளுக்குச் சொந்தம், அதை ஒரேயடியாக விற்றுவிடக் கூடாது என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. குடும்பத்தின் நிலம் பிள்ளைகளின் சோறு, குலத்தின் அடையாளம். இந்தச் சட்டம் அரசனுக்கும் உண்டு. இஸ்ரயேலில் அரியணை ஏறுகிறவன் திருச்சட்டத்தின் நகல் ஒன்றைத் தனக்கென எழுதி வைத்து, வாழ்நாள் முழுவதும் படிக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகாபுக்கு இது தெரியும். அதனால்தான் அவனால் வாளை உருவ முடியவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான்.

அரசி ஈசபேல் வருகிறாள். அவள் சீதோன் நாட்டு மன்னனின் மகள். அரசனின் ஆசைக்கு ஒரு குடியானவனின் தோட்டம் தடையாக நிற்கலாமா என்பது அவள் எண்ணம். அவள் படை அனுப்பவில்லை. கடிதம் எழுதுகிறாள். அரசன் பெயரில் எழுதி, அரசனின் முத்திரையிட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கே அனுப்புகிறாள்.

அன்பார்ந்தவர்களே, அதன்பின் நடப்பதைக் கவனமாகப் பாருங்கள். ஊரில் நோன்பு அறிவிக்கப்படுகிறது. சபை கூடுகிறது. நாபோத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கிறார்கள். இரண்டு சாட்சிகள் எதிரே வந்து உட்காருகிறார்கள். ஒரு சாட்சியை வைத்து யாருக்கும் மரண தண்டனை கொடுக்கக் கூடாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்பது மோசேயின் சட்டம். குற்றமற்றவரைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. அதே சட்டம் இங்கே கழுத்தில் சுருக்காக மாறுகிறது. நாபோத்து கடவுளையும் அரசனையும் பழித்தான் என்கிறார்கள் சாட்சிகள். தெய்வ நிந்தனை, ராஜதுரோகம், இரண்டும் ஒரே மூச்சில். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லால் எறிந்து கொன்றுவிடுகிறார்கள்.

நம் ஆண்டவர் இயேசுவின் மீதும் இதே இரண்டு குற்றச்சாட்டுகள்தான் வந்தன. தலைமைச் சங்கத்தில் தெய்வ நிந்தனை என்றார்கள். பிலாத்துவிடம் போனதும் சீசருக்கு எதிரானவன் என்றார்கள். நாபோத்தின் வழக்கும் நாசரேத்தூர் இயேசுவின் வழக்கும் ஒரே முறையில் நடத்தப்பட்ட வழக்குகள்.

அப்படியானால் நாபோத்தைக் கொன்றது யார்? ஆகாபா? அவன் படுத்துக் கிடந்தான். ஈசபேலா? அவள் ஒரு கல்லையும் தொடவில்லை. கொன்றவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். நாபோத்தோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். அவருடைய தகப்பனையும் அறிந்திருப்பார்கள். தெரியாமல் செய்தார்களா? வாசகத்தின் 14ஆம் வசனம் ஒரு சிறிய செய்தியைச் சொல்கிறது. கடிதம் வந்தது அரசன் பெயரில். ஆனால் காரியம் முடிந்ததும் அவர்கள் ஆள் அனுப்பியது ஈசபேலுக்கு! யார் எழுதிய கடிதம், எதற்காக எழுதிய கடிதம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தே செய்தார்கள்.

அதிகாரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குச் சொந்தமாக இருப்பது இரண்டு கைகள்தான். மற்ற கைகளை அது நம்மிடமிருந்துதான் கடன் வாங்குகிறது. கடிதத்தைப் பிரிக்கும் கை, சபையைக் கூட்டும் கை, பொய்ச்சாட்சி சொல்லக் கூட்டி வரும் கை, கல்லை எடுக்கும் கை. அந்தக் கைகள் மறுத்திருந்தால் ஈசபேலின் கடிதம் வெறும் களிமண்ணும் மையும்தான்.

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசு, நாபோத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். இது பழைய கதை, ஆனால் அன்றாடம் நடக்கிறது என்பது அவருடைய ஆதங்கம். நம் நாட்டில் இது எங்கே நடக்கிறது?

ஜார்க்கண்டு மாநிலத்தைப் பாருங்கள். நிலக்கரியும் இரும்பும் நிறைந்த மண். அதன் மேல் வாழ்கிற ஆதிவாசிகளோ ஏழைகள். அவர்களின் நிலம் பிறர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக 1908இலேயே சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டமும், 1949இல் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டமும் வந்தன. அவையும் முன்னோரின் உரிமையைக் காக்கும் சட்டங்கள்தான். 2016இல் அந்தச் சட்டங்களைத் திருத்தி, அந்த நிலங்களை வேளாண்மை அல்லாத வேலைகளுக்கும் பயன்படுத்த வழிசெய்ய மாநில அரசு முயன்றது. மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

அந்த மக்களோடு பல ஆண்டுகளாக நின்றவர் நம் தமிழ் மண்ணைச் சேர்ந்த இயேசு சபைக் குரு, அருள்தந்தை ஸ்டேன் சுவாமி. 1937இல் திருச்சிப் பகுதியில் விரகாலூரில் பிறந்தவர். பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். பிறகு ஜார்க்கண்டு சென்று, ராஞ்சிக்கு அருகே பகைச்சா என்ற மையத்தில் தங்கிப் பணி செய்தார். காட்டு உரிமைச் சட்டம், கிராமசபையின் அதிகாரம் இவற்றை மக்களுக்கு எடுத்துச் சொன்னார். நக்சலைட்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்தார். அவர்களின் வழக்குகளை விரைந்து விசாரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தை நாடினார்.

2020 அக்டோபர் 8ஆம் நாள், தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயாளி. பீமா கோரேகான் வழக்கில், மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. நான் அந்த ஊருக்கே போனதில்லை என்று அவர் மறுத்தார். உபா என்று சொல்லப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் அவர் மீது பாய்ந்தது. காவல்துறை சொல்வது மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே பிணை கொடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் 2008இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

கை நடுங்குவதால் அவரால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்கப்பட்டது. அந்த 20 நாளில் எத்தனை மேசைகளை அந்த மனு கடந்திருக்கும்! ஒவ்வொரு மேசையிலும் ஒரு மனிதர் இருந்திருப்பார். யாரும் அவரை வெறுத்திருக்க வேண்டியதில்லை. விதிப்படி நடக்கிறது என்று நினைத்தாலே போதும். ஒரு முதியவரின் தாகத்துக்கு ஒரு கோப்பு எண் கிடைத்துவிடும்.

2021 மார்ச்சில் பிணை மறுக்கப்பட்டது. மே மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் காணொளியில் தோன்றினார். சிறைக்கு வரும்போது தானாக உண்ணவும் நடக்கவும் முடிந்தது, இப்போது முடியவில்லை, என் மக்களோடு இருக்க அனுப்புங்கள் என்று வேண்டினார். ஜூலை 5ஆம் நாள், பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, 84 வயதில் மருத்துவமனையில் இறந்தார். அதுவரை வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. அவருடைய கணினியில் வெளியிலிருந்து கோப்புகள் புகுத்தப்பட்டிருந்தன என்று, வழக்கறிஞர்கள் தரப்பில் அமர்த்தப்பட்ட அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. நாபோத்தின் ஊரில் இரண்டு சாட்சிகள் எதிரே வந்து உட்கார்ந்தது நினைவுக்கு வருகிறது அல்லவா?

ஒரு மறைமுக எண்ணம் சிலருக்கு எழலாம். சாமியாருக்கு எதற்கு அரசியல்? இன்றைய நற்செய்தியில் ஆண்டவரே தீமை செய்பவரை எதிர்க்க வேண்டாம், மறுகன்னத்தைக் காட்டு என்று சொல்கிறாரே?

சரி, அந்த நற்செய்தியையும் பார்ப்போம். இயேசு சொல்லும் எடுத்துக்காட்டுகளைக் கவனியுங்கள். ஒன்று, வழக்குப் போட்டு அங்கியைப் பிடுங்குகிறவன். மற்றொன்று, ஒரு மைல் தூரம் வரக் கட்டாயப்படுத்துகிறவன். வழியில் போகும் யூதரைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கும் அதிகாரம் உரோமைப் படைவீரருக்கு இருந்தது. சீரேனே ஊர்ச் சீமோனை அப்படித்தான் பிடித்தார்கள். ஆக, நீதிமன்றத்தாலும் படையாலும் நசுக்கப்பட்ட மக்களிடம்தான் ஆண்டவர் பேசுகிறார். அடித்தவனைத் திருப்பி அடிக்காதே என்கிறார். அடித்தது சரி என்று சொல்லச் சொல்லவில்லை. அன்னாவின் முன்னிலையில் காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. நான் பேசியது தவறு என்றால் காட்டு, சரி என்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். இதுதான் மறுகன்னத்தின் பொருள். என் கன்னத்தைக் காட்டலாம். அடுத்தவர் கன்னத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை. நாபோத்து அடிபடும்போது நான் அமைதி காத்தால் அது பொறுமை ஆகாது.

முத்திரையிட்ட கடிதம் வந்தபோது மறுத்த கைகளும் திருவிவிலியத்தில் உண்டு. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லுங்கள் என்று பார்வோன் கட்டளையிட்டபோது, சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவப் பெண்கள் கீழ்ப்படியவில்லை. அவர்கள் கடவுளுக்கு அஞ்சினார்கள். பேரரசன் பார்வோனின் பெயரை விடுதலைப் பயண நூல் குறிப்பிடவில்லை. இந்த இரண்டு எளிய பெண்களின் பெயர்களையோ எழுதி வைத்திருக்கிறது!

எல் சால்வதோர் நாட்டில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, 1980 மார்ச் 23 அன்று, வானொலி வழியாகவும் ஒலித்த மறையுரையில், கடவுளின் சட்டத்துக்கு எதிரான ஆணைக்குக் கீழ்ப்படிய எந்தப் படைவீரருக்கும் கடமை இல்லை என்று சொன்னார். மறுநாள் திருப்பலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் புனிதர். திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அறநெறிக்கு எதிரான ஆணைகளுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது மனச்சான்றின் கடமை என்றே கற்பிக்கிறது.

ஜார்க்கண்டிலும் ஒரு கை மறுத்தது. அந்த நிலச் சட்டத் திருத்த மசோதாக்கள் கையொப்பத்துக்காக ஆளுநரிடம் வந்தன. அப்போதைய ஆளுநர், பின்னாளில் குடியரசுத் தலைவரான திரௌபதி முர்மு. 2017இல் அவர் அவற்றைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினார். திருத்தம் கைவிடப்பட்டது. ஒரு பேனா தாளைத் தொடாமல் நின்றது. பல இலட்சம் குடும்பங்களின் நிலம் தப்பியது.

அன்பார்ந்தவர்களே, ஈசபேலின் கடிதம் நம்மில் பலருக்கு வரும். வருவாய்த்துறையில் இருப்பவருக்குப் பட்டா மாற்றச் சொல்லி வரும். காவல்நிலையத்தில் இருப்பவருக்கு, பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லி வரும். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஊர்ப் பெரியவருக்கு வரும். செல்பேசியில் வரும் அவதூறைப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி நம் எல்லாருக்கும் வரும். அந்த நேரத்தில், மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய என்று சொல்வது எளிது. இஸ்ரியேலின் பெரியவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் நம்மால் முடியும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் இன்னும் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஸ்டேன் சுவாமி தன் வேதனையைப் பெரிதுபடுத்தவில்லை. உடனிருக்கும் கைதிகள் எனக்குச் சோறு ஊட்டுகிறார்கள், குளிக்க உதவுகிறார்கள், அவர்களுக்காகச் செபியுங்கள் என்று எழுதினார். நம் ஊரிலும் பிணைத்தொகை கட்ட முடியாமல் உள்ளே கிடக்கும் ஏழைகள் இருக்கிறார்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். அந்த வாசல் வரை அவர்களின் தாயையோ மனைவியையோ அழைத்துச் செல்ல ஒரு துணைதான் வேண்டும். நம் அன்பியங்கள் அந்தத் துணையாகலாம். நான் சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்லப்போவது அவர்களிடம்தான்.

இன்றைய வாசகம், ஆகாபு தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் புறப்படுவதோடு நின்றுவிடுகிறது. கொன்றவர்கள் வென்றுவிட்டதுபோல் தெரிகிறது. ஆனால் நாளைய வாசகத்தில் எலியா வருகிறார். அதே தோட்டத்தில் அரசனை எதிர்கொள்கிறார். நாபோத்தின் இரத்தத்துக்கு ஆண்டவர் கணக்குக் கேட்கிறார். அந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை.

செபிப்போம். நீதியின் ஆண்டவரே, எங்கள் நாட்டை ஆள்வோருக்கு உம்மைப் பற்றிய அச்சத்தைத் தாரும். விசாரணையின்றிச் சிறையில் வாடுவோருக்கு விடுதலை தாரும். எங்கள் கைகள் எந்த நாபோத்தின் மீதும் கல்லெடுக்காதபடி காத்தருளும். ஆமென்.