சேர்க்கும் சிரிப்பு, பிரிக்கும் சிரிப்பு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரை)



வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று சொல்லிச் சொல்லியே சிரிப்பை ஒரு மருந்தாக்கிவிட்டோம். மருந்து என்றால் அதைத் தனியாக இருக்கும்போதும் உட்கொள்ளலாம். சிரிப்பு அப்படிப்பட்டதா? வீட்டில் யாரும் இல்லாதபோது நாம் எத்தனை முறை வாய்விட்டுச் சிரிக்கிறோம்? எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் புரோவைன் இதை ஆராய்ந்தார். கடைத்தொகுதிகளிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் மக்கள் இயல்பாகச் சிரித்த 1,200 தருணங்களை அவரும் அவருடைய மாணவர்களும் குறித்துக்கொண்டார்கள். அவற்றுள் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை 10 முதல் 20 விழுக்காடுதான். மற்ற நேரங்களில் எதற்குச் சிரித்தார்கள்? நலம் விசாரிப்பதற்கும் விடைபெறுவதற்கும் சிரித்தார்கள். தனிமையில் இருப்பதைவிட, பிறருடன் இருக்கும்போது மனிதன் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறான் என்றும் அவர் கண்டார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ‘நான் உன்னோடு இருக்கிறேன்’ என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் செய்தியே சிரிப்பு. அதனால்தான் பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே, மூன்று நான்கு மாதத்திலேயே, குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆனால், நான்கு பேர் சேர்ந்து ஐந்தாமவரைப் பார்த்துச் சிரித்தால்? நால்வரும் நெருங்குகிறார்கள், ஐந்தாமவர் வெளியே நிற்கிறார். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களில் எள்ளலையும் சொன்னார், இளமையையும் சொன்னார். எள்ளல் என்றால் கேலி. இளமை என்றால் பிள்ளைத்தனம். இரண்டிலிருந்தும் வருவது ஒரே ஓசைதான். கேட்பவருக்கு வேறுபாடு தெரியுமா?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளியன்று உறவினர்கள் கூடியிருந்தோம். தொடக்கநிலை ஒன்றில் படித்த என் பேரன் ஓடிவந்து, “தாத்தா, பூனை தூங்குறாங்க!” என்றான். வீடே சிரித்தது. பெரியவர்களை மரியாதையாகச் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவன் அந்த மரியாதையைப் பூனைக்கும் கொடுத்துவிட்டான்! புதிதாக யார் வந்தாலும், “அதை இன்னொரு தடவை சொல்லுப்பா” என்று அவனை முன்னால் நிறுத்தினோம். சொல்லச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் அவனுடைய பிள்ளைத்தனத்தை ரசித்துத்தான் சிரித்தோம். அவன் காதில் அது எள்ளலாக விழுந்தது. அதன்பிறகு நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. காரணம் கேட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்றான், அதையும் ஆங்கிலத்தில்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் என் பழைய கதையை அவனிடம் சொன்னேன். இளவயதில் சந்தைக்குப் போய், ஒரு மலாய்க்கார அம்மாவிடம் மலாயில் தேங்காய் கேட்டேன். ‘கெலாப்பா’ என்று கேட்டிருக்க வேண்டும். நானோ ‘கெப்பாலா’ என்றேன். தலை ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டேன்! அந்த அம்மா தம் தலையைத் தொட்டுக்காட்டி, இதுவா வேண்டும் என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சரியான சொல்லை இரண்டுமுறை சொல்லிக்கொடுத்து, நல்ல தேங்காயாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார். மறுவாரமும் அவர் கடைக்கே போனேன்.

கேட்ட பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். “தாத்தா, நீங்களும் தப்பாப் பேசுவீங்களா?” என்று கேட்டான். தமிழில் கேட்டான், நேயர்களே!

அந்த அம்மாவும் என் தவறைப் பார்த்துத்தான் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கும் இடம் கொடுத்தார். நாங்கள் எங்கள் பேரனுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. பலரோடு கலந்து மகிழத் தெரியாதவர்க்கு உலகம் பகலிலும் இருளே என்று சொன்ன வள்ளுவர், விளையாட்டாகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்பதையும் அதே பண்புடைமை அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார்.

பிள்ளைகள் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும்போது நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அடக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிரித்த கையோடு அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். பிள்ளையும் சிரித்தால் நல்லது. சிரிக்கவில்லை என்றால், நம் சிரிப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டு, நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லி அவனையோ அவளையோ சிரிக்கவைப்போம். அதற்கு நம்மிடம் தவறுகளுக்கா பஞ்சம்?