இடுகாட்டுப் பாதையும் நம் வரலாறும்



வெள்ளிவிழா மேடையில் இடுகாட்டைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. நிலமுடையோர்க்குப் பத்திரம் உண்டு. நம் முன்னோர் உழுத நிலத்தில் அவர்தம் பெயர் எழுதப்படவில்லை. ஆகவே, அவர்கள் அடங்கிய நிலமே நம் வரலாற்றின் முதல் ஏடு என்பது நம் கருத்து.

சென்னை ஓட்டேரி இடுகாட்டை எண்ணிப் பாருங்கள். செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்து, 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கி, அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்காக வாதாடிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அங்கேதான் அடங்கியுள்ளார். 1945 செப்டம்பர் 18-ல் அவர் மறைந்தார். அவருடைய நினைவிடம் இன்று 'உரிமைக் களம்' என வழங்கப்படுகிறது.

பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் எல்லா வகுப்பினர்க்கும் உரிமை உண்டு என 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவரே. அரசும் அவ்வாண்டே அதனை ஆணையாக வெளியிட்டது. ஆயினும் 95 ஆண்டுகள் கழித்து, 2019-ல், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் நடந்தது என்ன? விளைநிலங்களின் வழியே பாதை கிடைக்காமையால், நம்மவர் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டிப் பாலாற்றில் இறக்கினர். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டு, ஆதிதிராவிடர்க்குத் தனி இடுகாடு எதற்கு என வினவியது.

சட்டம் நம் பக்கம் உள்ளது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இடுகாடு, சுடுகாடு, பாதை ஆகியவற்றைத் தீண்டாமை காரணமாக மறுப்பதைக் குற்றமாக்கியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015-ல் செய்யப்பட்ட திருத்தம் இதனைச் சேர்த்தது. ஆனால் சட்டம் தானாக நடந்து ஊருக்குள் வராது. படித்தவர் அதனைக் கைப்பிடித்து அழைத்துவர வேண்டும்.

ஆதலின் இளைஞர்களுக்கு மூன்று பணிகளைக் கூறுகிறோம். முதலாவது, உங்கள் ஊர் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, இடுகாடும் அதற்குச் செல்லும் பாதையும் எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில் பதிவாகியுள்ளன எனக் குறித்துக்கொள்ளுங்கள். பாதை பதிவாகவில்லையேல், சாவு நேரும் நாள்வரை காத்திராமல் இன்றே வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். இரண்டாவது, ஒவ்வோர் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். வாரிசுச் சான்றுக்கும் அதுவே அடிப்படை. மூன்றாவது, முதியோரிடம் கேட்டு, யார் எங்கு அடங்கினர், என்ன தொழில் செய்தனர், எந்தப் போராட்டத்தில் நின்றனர் என ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அம்முதியோர் மறைந்தால் அச்செய்தியும் அவர்களோடு மறையும்.

எழுதப் படிக்கும் வாய்ப்பு நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது. நமக்கு அது கிடைத்துள்ளது. அவர்களுடைய பெயர்களை எழுதுவதும், அவர்களிடம் செல்லும் பாதையைக் காப்பதும், கற்ற நம் தலையாய கடமையாகும். கழகம் வாழ்க! கல்வி வளர்க!