முதற்காணி வாங்குவோர்

கையிற் சிறிது பணம் சேர்ந்ததும் காணியொன்று வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் இலங்கைத் தமிழர் மனத்தில் இயல்பாகவே எழுவது. விலைவாசி ஏற ஏற வங்கியில் இட்ட பணம் தேய்கின்றது. நகை களவு போகலாம். நிலமோ இருந்த இடத்தில் இருக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இது முற்றும் பிழையன்று. ஆயின், நிலம் இருந்த இடத்தில் இருப்பினும் அதன் உரித்துக் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதை முதன்முறையாகக் காணி வாங்குவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். முப்பது ஆண்டு உழைப்பின் பயனாய்க் கிடைத்த பணிக்கொடை அவரிடம் உள்ளது. யாழ்ப்பாண நகருக்கு அண்மையில் இரண்டு பரப்புக் காணி விலைக்கு வருகின்றதெனத் தரகர் ஒருவர் வந்து சொல்கின்றார். ஒரு பரப்பு 10 பேர்ச். எனவே இரண்டு பரப்பென்பது ஏக்கரில் எட்டிலொரு பங்கு. கிணறு நன்னீர்க் கிணறு; விலையும் அயற்காணிகளிலும் குறைவு. “இண்டைக்கே முற்பணம் குடுத்துப்போடுங்கோ ஐயா, நாளைக்கெண்டால் வேறை ஆள் எழுதிப்போடும்” என்று தரகர் அவசரப்படுத்துகின்றார்.

இவ்விடத்தில் எழுதுவினைஞர் செய்யத்தக்கது யாது? பணத்தை எடுக்குமுன் உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்குவதே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் எழுத்தில் நிறைவேற்றப்படல் வேண்டும். வாய்ச்சொல்லும் வெறுங் கடிதமும் உரித்தைத் தரமாட்டா. உறுதியிலுள்ள பதிவிலக்கத்தைக் கொண்டு, தாம் நம்பும் நொத்தாரிசைக் கொண்டே காணிப் பதிவகத்தில் முப்பதாண்டுப் பதிவுகளையேனும் தேடுவித்தல் நன்று. ஈடு உண்டா, வழக்கு உண்டா, முன்னரே அறுதியாக விற்கப்பட்டதா என்பன அங்கே தெரியவரும்.

வாங்கிய உறுதியைப் பதிவு செய்வதிலும் தாமதம் கூடாது. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்பின், பிந்தி வாங்கியவர் விலை கொடுத்து, வஞ்சகமின்றி முந்திப் பதிந்துகொள்வாராயின், பதிவு மூப்பினால் அவர் உறுதியே மேலோங்கும். முதலில் வாங்கியவர் கையில் எஞ்சுவது கடதாசி மாத்திரமே.

வடமாகாணத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பிரிபடாத பங்குகளாய்க் கிடக்கும் காணிகள் பல. அண்ணன் விற்க முன்வரலாம். கனடாவில் வாழும் தங்கையின் பங்கு யாது? ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின் வழிவந்த முற்கொள்வனவு உரிமை இன்றும் உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகின்றது. பங்காளருக்கு அறிவித்தல் கொடாது விற்ற காணியை அவர்கள் வழக்காடித் தாமே கொள்ள முயலலாம். வெளிநாட்டிலுள்ளோர் சார்பில் ஒருவர் கையொப்பமிடுவாராயின், அவர் காட்டும் அற்றோணித் தத்துவம் உண்மையானதா, இன்னும் வலுவில் உள்ளதா என ஆராய்தல் இன்றியமையாதது.

உறுதி சரியெனினும் காணியை நேரிற் பார்த்தல் வேண்டும். உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் ஆட்சி செய்தவர் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்கீழ் உரித்துக் கோரலாம். போரினால் தம் காணிக்குச் செல்லமுடியாதவர்களைக் காக்கவே 2016இல் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆதலின் அங்கே குடியிருப்பவர் யார், வேலியை இட்டவர் யார் என அயலாரிடம் வினவுதலும், நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளப்பித்தலும் வேண்டும்.

வன்னியில் மலிவாய்க் கிடைக்கும் ஏக்கர்க்கணக்கான காணிகளைக் கண்டு மயங்குவோரும் உளர். அவற்றுட் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட அரச காணிகள். அவற்றை வைத்திருப்பவர் தம் விருப்பப்படி எவருக்கும் விற்றல் இயலாது.

இவையனைத்தும் முடிந்தபின்னரே இலாபக் கணக்கு. விலையுடன் முத்திரைத் தீர்வை, நொத்தாரிசு கட்டணம், அளவைக் கூலி, வேலிச் செலவு யாவும் சேரும். வெறுங்காணி விற்கும்வரை ஒரு சதமும் தராது. நோய் வந்த வேளையில் உடனே விற்கவும் முடியாது. ஆகவே கைப்பணம் முழுவதையும் நிலத்தில் முடக்குவதும், கடன்பட்டு வெறுங்காணி வாங்குவதும் தொடக்கக்காரருக்கு ஏற்றனவல்ல. வாடகைக்கு விடத்தக்க சிறு வீடோ கடையறையோ விலையில் மெல்ல ஏறினும் மாதந்தோறும் கைகொடுக்கும்.

எழுதுவினைஞர் ஒரு மாதத் தவணை கேட்கின்றார். தரகர் முகம் சுளிக்கின்றார். தேடிப் பார்த்தபொழுது, விற்க வந்தவருக்கு உரியது மூன்றில் ஒரு பங்கே எனத் தெரிகின்றது. ஏனைய இருவர்க்கும் இவ்விற்பனை பற்றி ஏதும் தெரியாது. அவர் செலவிட்டது தேடுகூலியும் நொத்தாரிசின் கட்டணமுமே. பணிக்கொடை அப்படியே இருக்கின்றது. அடுத்த காணி வரும்வரை அவர் காத்திருக்கலாம். அதற்கும் முதலில் உறுதியையே கேட்பார்.