காருக்கு ரீமேப் செய்யலாமா? செய்து பார்த்தவன் சொல்கிறேன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட், குப்பை, தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காபி வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

போன மாதம் பார்க்கிங்கில் பி பிளாக் தம்பிகள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "லேப்டாப்பை மாட்டி ஒரு மணி நேரத்துல ரீமேப் பண்ணிருவாங்கடா. முப்பது பெர்சன்ட் பவர் ஏறும்" என்றார் ஒருவர். நான் நடுவில் புகுந்து, "தம்பி, நான் பண்ணியிருக்கேன்" என்றேன். "அங்கிள், நீங்களா?" என்று இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற செயலாளர் உடனே இந்தப் பேச்சுக்குத் தேதி குறித்துவிட்டார். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், மெக்கானிக் கிடையாது. செலவு செய்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் மகளை மூணாறில் கொடுத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறையாவது போடிமெட்டு ஏறி இறங்க வேண்டியிருக்கும். என்னுடையது 2017-ல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல். சமவெளியில் தங்கமான வண்டி. போடி தாண்டி மலைப்பாதையில் நான்கு பேரோடும் சாமான்களோடும் ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் வேகம் குறையும், இன்ஜின் சுற்று 1,500-க்கு இறங்கும், வண்டி செத்துப்போனது மாதிரி நிற்கும். பின்னாலிருந்து ஜீப்காரர் ஹாரன் அடிப்பார். மொத்தம் 17 வளைவு, 17 முறை ஹாரன். வீட்டில் அம்மா, "புது வண்டி வாங்குங்க, இல்லன்னா பஸ்ல போவோம்" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், எல்லாம் தெரிந்தவன். "மாமா, வண்டியில குறை இல்ல. கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான். திறந்து விட்டாப் போதும்" என்றான்.

அவன் 'பூட்டு' என்றது என்னவென்று முதலில் சொல்கிறேன். இன்றைய கார்களில் இன்ஜினுக்கென்று ஒரு சிறிய கணினி இருக்கிறது. ஈ.சி.யு. என்பார்கள். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது டீசல் நேராக இன்ஜினுக்குப் போவதில்லை. 'இவருக்கு இவ்வளவு இழுவை வேண்டுமாம்' என்று கணினிக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு சூடு என்றெல்லாம் பார்த்து, எத்தனை மில்லிகிராம் டீசல், எந்தக் கணத்தில், எந்த அழுத்தத்தில் என்று அது தீர்மானிக்கிறது.

எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டபோதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் காலத்து வங்கியில் வட்டி போட ரெடி ரெக்கனர் என்று ஒரு புத்தகம் உண்டு. ஒரு பக்கம் அசல், மறுபக்கம் நாட்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் வட்டி. நடுவில் வரும் தொகைக்கு மேல் கட்டத்தையும் கீழ்க் கட்டத்தையும் வைத்துக் கணக்குப் போடுவோம். ஈ.சி.யு.வுக்குள் இருப்பதும் அதே சங்கதிதான். ஒரு பக்கம் சுற்று, மறுபக்கம் பாரம், கட்டத்தில் டீசல் அளவு. இந்த அட்டவணைக்குத்தான் மேப் என்று பெயர். டீசலுக்கு ஒன்று, டர்போ அழுத்தத்துக்கு ஒன்று, இவ்வளவுக்கு மேல் புகை போகக்கூடாது என்று ஒன்று, கிளட்சும் கியர் பாக்ஸும் தாங்குகிற இழுவைக்கு உச்ச வரம்பு என்று ஒன்று, இப்படி நிறைய. அந்தக் கட்டங்களில் இருக்கும் எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

இதைக் கணினி வந்த பிறகு வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். போடியிலும் கம்பத்திலும் பழைய ஜீப் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். டீசல் பம்ப்பில் ஒரு திருகு இருக்கும், கம்பி போட்டு ஈய சீல் வைத்திருப்பார்கள். சீலை அறுத்துத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடும், ஜீப் மேட்டில் பாயும், பின்னால் கரும்புகை. 'டீசல் கூட்டி வைக்கிறது' என்று அதற்குப் பெயர். இப்போது திருகுக்குப் பதில் எண். ஈய சீலுக்குப் பதில் செக்சம் என்று ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது. எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை இடிக்கும், வண்டி கண்டுபிடித்துவிடும். அதனால் ரீமேப் செய்பவர் கூட்டுத்தொகையையும் சேர்த்துத் திருத்திவிடுவார். லெட்ஜரைத் திருத்தி டேலியையும் திருத்துகிற இந்த இடத்தில் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. சஸ்பெண்ட் ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் 2022 ஆகஸ்டில் வெளியூரில் ஒரு கடைக்குப் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் வயரை மாட்டினார்கள். நடுவில் கரண்ட் குறைந்தால் ஈ.சி.யு. செத்துவிடும் என்று பேட்டரிக்குச் சார்ஜரும் போட்டார்கள். அதுவரை ஒழுங்கான வேலைதான். கடைக்காரர் சொன்ன வாதம் என்னை மடக்கியது. "சார், உங்க 1,248 சி.சி. இன்ஜின்தான் எர்டிகாவிலும் சியாஸிலும் இருக்கு. அதுல 90 குதிரை, உங்களுக்கு 75. ஒரே இன்ஜின், ஒரே ஃபேக்டரி. சாஃப்ட்வேர்ல குறைச்சு வச்சிருக்கான்."

இன்ஜின் ஒன்றுதான், அது உண்மை. ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட். ஆனால் 90 குதிரை வண்டியில் டர்போ வேறு. அதற்குள் இருக்கும் இதழ்கள் சுற்றுக்குத் தக்கபடி திரும்பி, குறைந்த சுற்றிலேயே காற்றை அழுத்தித் தரும். என் வண்டியில் இருப்பது இதழ் திரும்பாத சாதா டர்போ. 1,800 சுற்றுக்குக் கீழே அதற்குப் போதுமான புகைவாயு வராது, அதனால் காற்றையும் அழுத்தாது. கட்டத்தில் எந்த எண்ணை எழுதினாலும் இல்லாத காற்று வராது. டீசலை மட்டும் கூட்டலாம், அது முழுசாக எரியாமல் கரியாக வெளியே போகும். என் கஷ்டம் 1,500 சுற்றில். அவர் விற்றது 2,000-க்கு மேலே உள்ள சுகம். இது எனக்கு அன்று தெரியாது. 22,000 ரூபாய் கொடுத்தேன்.

பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீரபாண்டி தாண்டி நேர் ரோட்டில் லாரியை முந்தும்போது இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. இழுவை 190 நியூட்டன் மீட்டரிலிருந்து 240 ஆகியிருப்பதாக அவர் சொல்லியிருந்தார், உடம்பே அதை நம்பியது. டர்போ உள்ள டீசல் வண்டியில் இப்படி ஏறும் என்பது உண்மைதான். வளைவில் மட்டும் பழையபடிதான், கூடவே கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. மைலேஜ் இரண்டு கிலோமீட்டர் கூடும் என்றார். நான் நோட்டுப் போட்டு எழுதுகிறவன். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் சமவெளியில் மாற்றமே இல்லை. மூணாறு போய்வந்தால் 13.8 இருந்தது 12.9 ஆனது. நவம்பரில் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனேன். முந்தைய முறை 31. பி.எஸ்.-4 டீசலுக்கு வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. மீட்டரில் 56 வந்தது. சோதனைக்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்து, "ஏர் ஃபில்டர் மாத்திட்டு வாங்க சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கல்லவா தெரியும்.

2023 பொங்கல் முடிந்து மகளையும் பேரனையும் மூணாறில் விடப் புறப்பட்டோம். பேரனுக்கு அப்போது இரண்டு வயது. காலை ஏழு மணி, நல்ல பனி. பதினோராவது வளைவு என்று நினைக்கிறேன். ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. தீய்ந்த வாடை. கிளட்ச் 190-க்குச் செய்தது, அதன்மீது ஐந்து மாதமாக 240-ஐ ஏற்றியிருக்கிறேன். வண்டி பின்னால் ஊர ஆரம்பித்தது. ஒரு பக்கம் பள்ளம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்தேன். என் கை நடுங்கியதை மகள் பார்த்துவிட்டாள்.

பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப். அதிலிருந்து நான்கைந்து பெண்கள் குதித்து இறங்கி, சொல்லாமலே சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார்கள். ஒரு அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டார். டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். பின்பக்க பம்பரில் விரலை வைத்துத் தேய்த்துக் கரியைக் காட்டி, "அய்யா, டீசல் கூட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். வண்டியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கொடுத்து, "ரெண்டாவது கியர்லயே மெதுவா இறங்குங்க, நியூட்ரல் போட்றாதீங்க" என்றார். போகும்போது, "வளைவுக்குள்ள போயி கியர் மாத்துனா எந்த வண்டியும் திணறும்யா. வளைவு தெரியும்போதே ஒண்ணுக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

பழையபடி மாற்றலாம் என்று கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் "பேக்கப் இருக்கு சார்". அடுத்த வாரம் "லேப்டாப் மாத்திட்டோம், ஃபைல் கிடைக்கல. வேற வண்டியோட ஃபைல் போட்டுத் தர்றோம்". ஒரே மாடலிலேயே சாஃப்ட்வேர் பதிப்பு எண் வேறு வேறாக இருக்கும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லி, கம்பெனி சர்வீஸில் புதிதாக ஏற்றிக்கொண்டேன். ரீமேப் 22,000, கிளட்ச் 11,500, ஏற்றியதும் இழுத்து வந்ததும் 4,000. ஆக 37,500 ரூபாய்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. போடிமெட்டு 4,500 அடிக்கு மேலே. அங்கே காற்று தேனியை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மெலிந்தது. அதே அழுத்தம் தர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அது ஏற்கெனவே நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றுகிற சாமான். அதனால் உயரம் ஏற ஏற அழுத்தத்தைக் குறைக்கும்படி கம்பெனி எண் எழுதியிருக்கும். சமவெளியில் உட்கார்ந்து அந்த எண்ணைத் தூக்கிவிடுகிறவருக்கு மேகமலையும் கம்பம்மெட்டும் தெரியாது. கம்பெனி விட்டுவைத்திருக்கும் மிச்சம் 45 டிகிரி வெயிலுக்கும், மட்டமான டீசலுக்கும், ஃபில்டர் மாற்ற மறக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் சேர்த்து ஒதுக்கியது. வங்கியில் டெபாசிட் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடாமல் ஒரு பங்கை ரிசர்வ் வைப்பார்களே, அந்த மாதிரி.

எண்ணை மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்று பல ஈ.சி.யு.க்கள் எண்ணி வைக்கும், கம்பெனி ஸ்கேனரில் தெரியும், வாரண்டி போகும். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியதே எண்ணால்தான். சோதனைச் சாலையில் நிற்கிறோமா, ரோட்டில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும்படி எழுதியிருந்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தார்கள். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட்டது. மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது, அது வேறு கதை.

நமக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. இன்சூரன்ஸில் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். அந்த ஐந்து மாதமும் நான் சொல்லவில்லை. அன்று வண்டி பின்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவு தூக்கம் கலைகிறது.

தம்பிகளே, உங்களில் ஒருவருடையது டர்போ இல்லாத 1.2 பெட்ரோல். அதில் கூட்டுவதற்குக் காற்றே இல்லை, கடைக்காரருக்குத்தான் லாபம். மற்றவருடையது வாரண்டியில் உள்ள டர்போ பெட்ரோல். அதில் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை நம் பங்க் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜின் தட்ட வாய்ப்புண்டு. வாரண்டி முடியட்டும். அப்போதும் ஆசை இருந்தால், முதலில் பழைய ஃபைலை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தை எவ்வளவு மாற்றினீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சி பிளாக்கில் ஒருவர் பி.எஸ்.-6 டீசலில் புகை வடிகட்டி லைட் அடிக்கடி எரிகிறது, அதையே சாஃப்ட்வேரில் தூக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் சார். வாரம் ஒரு முறை ஆண்டிபட்டி வரைக்கும் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள், சேர்ந்த கரி எரிந்துவிடும். நம் பார்க்கிங்கில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

நான் இப்போதும் அதே வண்டியில்தான் மூணாறு போகிறேன். வளைவு தெரிந்ததும் முதல் கியர். ஹாரன் சத்தம் குறைந்திருக்கிறது. ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏ பிளாக் பார்க்கிங்கில் இருப்பேன், உங்கள் வண்டிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

காபி வந்துவிட்டது.