தலைச்சுமையும் இருப்புப்பாதையும்

(ஜீவனஹள்ளித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் அன்பர் ஒருவர், விறகு பொறுக்கும் கிராமத்தாரே காட்டை அழித்தவர் என்றார். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று மேடை கிடைத்தமையால் விடை கூறுகிறேன்.

என் அன்னையார் ஏலகிரி அடிவாரத்தில் விறகு சுமந்தவர். விடியுமுன் புறப்பட்டு, உச்சி வெயிலில் தலைச்சுமையோடு திரும்புவார். அச்சுமையில் இருந்தவை யாவை? உலர்ந்த சுள்ளி, காற்றில் முறிந்த கிளை, வேலியோரத்து முள். மரத்தை வீழ்த்தக் கோடரியும் வீட்டில் இல்லை. ஒருநாள் காவலர் ஒருவர் அரிவாளையும் கட்டையும் பறித்துக்கொண்டார். அன்றிரவு எங்கள் அடுப்பு எரியவில்லை.

இது மகனின் பரிவுரை மட்டுமன்று. நம் நகரத்து இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தோன்றிய ‘அஸ்த்ரா’ அமைப்பினர், பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டி அவர்களின் வழிகாட்டலில், தும்கூர் மாவட்டச் சிற்றூர்களை ஆராய்ந்தனர். அங்கே அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் சுள்ளியே. பெங்களூருக்கு லாரிகளில் வந்திறங்கியதோ வெட்டிய கட்டை! சுள்ளி மறு ஆண்டும் உதிரும்; அடிமரம் சாய்ந்தால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

எனக்குச் சோறிடும் ரயில்வேயைப் பற்றியும் கூறாவிடில் நேர்மையாகாது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வந்த பாதைதான் நம் ஜீவனஹள்ளி அருகே செல்கிறது. அக்காலத்தில் ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை சிலீப்பர் கட்டைகள் வேண்டும். சென்னை ரயில்வேயின் இஞ்சின்களோ விறகையும் தின்றன. 1856இல் சென்னை மாகாண வனப் பாதுகாவலராக அமர்ந்த கிளெக்ஹார்ன் துரையின் கவலைகளுள் இதுவும் ஒன்று. 1882இல் வனச் சட்டம் வந்தது; காப்புக்காட்டில் சுள்ளி எடுப்பதற்கும் அனுமதி வேண்டியதாயிற்று. இஞ்சின் தின்ற காட்டுக்கு என் அன்னையின் அரிவாள் ஈடாயிற்று போலும்!

எனினும், சுள்ளி பொறுக்குவதால் தீங்கே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ஊர் பெருத்துக் காடு சுருங்கியபின், ஒரே அடிக்கட்டையின் தளிரை மீண்டும் மீண்டும் வெட்டினால் வேர் ஓய்ந்துவிடும். சருகையும் வாரிவிட்டால் மழைத்துளி வெறுமண்ணில் அறையும். நீர் நிலத்துள் இறங்காது, மண்ணோடு ஓடும். விறகு அற்றால் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகும். வயலுக்கு எரு இராது. இவற்றையெல்லாம் எங்கள் ஊரிலேயே கண்டேன்.

குறைந்த விறகில் எரிந்து, புகையைக் குழாய்வழி வெளியேற்றும் அடுப்பையும் அந்த அஸ்த்ரா அமைப்பினரே ஆக்கித் தந்தனர். 2016இல் மைய அரசின் உஜ்வலா திட்டத்தால் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது. நல்லதே. ஆனால் அடுத்த உருளைக்குப் பணமின்றி மீண்டும் காட்டுக்குச் சென்றோர் என் உறவினரிலேயே உண்டு. அவர்களைக் குற்றஞ்சாட்டுமுன் உருளையின் விலையைக் கேளுங்கள்.

அன்னையார் இப்போது என்னுடன் காலனியில் இருக்கிறார். அடுக்களையில் எரிவாயு உண்டு. ஆயினும் மாலையில் மரத்தடிச் சுள்ளிகளைப் பொறுக்கி வந்து, கொல்லைப்புறத்தில் அடுக்கி வைக்கிறார். பேரப்பிள்ளைகள் நகைக்கிறார்கள். நான் தடுப்பதில்லை.