ஆறு நாட்களில் ஐந்து ஆட்டங்கள்



நூற்றாண்டு விழாவில் வெற்றிகளைப் பேசுவது வழக்கம். நான் பிறநாட்டுக் கல்லூரி அணியொன்றின் வெற்றியைச் சொல்கிறேன்.

1899ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் ரெனசி மாநிலத்திலுள்ள செவானி என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி ஏறத்தாழ 2,500 மைல் புகையிரதத்தில் பயணம் செய்தது. ஆறு நாட்களில் ஐந்து ஆட்டங்கள். ரக்பி போல மோதி விளையாடும் ஆட்டங்கள். ஐந்திலும் வெற்றி. எதிரணிகளில் ஒன்றுகூட ஒரு புள்ளி பெறவில்லை. அந்தப் பருவத்தின் 12 ஆட்டங்களிலும் செவானியே வென்றது.

எல்லோரும் அந்த ஐந்து வெற்றிகளையே எண்ணுவார்கள். வைத்தியராகிய நான் எண்ணுவது எஞ்சிய ஒரு நாளை. நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர்கள் விளையாடவில்லை.

எம்மிடம் வரும் பெண்கள் பலருக்கு அந்த ஞாயிறு கிடைப்பதில்லை. வேலை, வீடு, பிள்ளைகள், வயோதிபப் பெற்றோர் என எல்லா நாளும் ஆட்டநாள்தான். நெஞ்சு நோவோடு வந்தும், “பிள்ளையின்ர சோதனை முடியட்டும் டொக்டர்” என்கிறார்கள். சில வேளைகளில் நோய் அதுவரை பொறுத்திருப்பதில்லை.

சளைக்காமல் உழைக்க இப்பாடசாலை எமக்குப் பழக்கியது. சகோதரிகளே, ஓய்வும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. வாரத்தில் ஒரு நாளை உங்களுக்கென வையுங்கள். இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பி ஓர் அணி இருக்கிறது.