திரும்பிப் போக வழிச்செலவு

இந்த எபிசோடில் அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் நடக்கிற கிறிஸ்தவக் காதல் நாவல்களைப் பத்திப் பேசப்போறேன். ஆரம்பிக்கும்போதே முடிவு தெரிஞ்சிடும், கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க. அப்புறம் ஏன் படிக்கணும்? என் பதில் இது: நல்ல நாவல்களில் "சேருவாங்களா?" என்பது கேள்வியே இல்லை. "அவளால விலகிப் போக முடியுமா?" என்பதுதான் கேள்வி.

1979-இல் கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக் எழுதின 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' வெளிவந்தது. இந்த வகை நாவல்களுக்குன்னு தனி வாசகர் கூட்டம் உருவாக அது ஒரு பெரிய காரணம். கதை இதுதான். மார்ட்டி என்கிற இளம்பெண் கணவனோட மேற்கே வர்றா. வந்த இடத்தில் அவன் இறந்துபோறான். அவ கர்ப்பிணி. கையில் காசில்லை, குளிர்காலம் வேற வருது. அடக்கம் நடந்த அன்னைக்கே கிளார்க் என்கிற ஒருத்தர் கல்யாணத்துக்குக் கேட்கிறார். அவரும் மனைவியை இழந்தவர், சின்னப் பெண் குழந்தை இருக்கு. அவருக்கு வேண்டியது அந்தக் குழந்தைக்கு ஒரு தாய்.

கேட்கவே கொடூரமா இருக்கு, இல்லையா? ஆனா கிளார்க் கூடவே ஒரு வாக்கு கொடுக்கிறார். வசந்தத்தில் கிழக்கே வண்டிகள் கிளம்பும். அப்போ நீ ஊருக்குத் திரும்பணும்னு நினைச்சா வழிச்செலவு நான் தர்றேன் என்கிறார். கதை முழுக்க அந்த வாக்கு மேலதான் நிக்குது. கதவு திறந்திருக்கிறதாலதான் அவ தங்குறதுக்கு ஒரு அர்த்தம் வருது.

இதைவிடக் கடுமையான கதை ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதின 'ரிடீமிங் லவ்'. முதல் பதிப்பு 1991. களம் 1850-களின் கலிபோர்னியா, தங்க வேட்டைக் காலம். பைபிளில் ஓசியா தீர்க்கதரிசி தன்னைவிட்டுப் போன மனைவியைத் திரும்ப அழைச்சிக்கிற கதையைத்தான் ரிவர்ஸ் இங்கே கொண்டுவர்றாங்க. சின்ன வயசிலேயே பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்டவ ஏஞ்சல். அவளைக் கல்யாணம் பண்ணிக்கிற விவசாயி மைக்கேல். அவ ஓடிப்போறா, அவர் போய்க் கூட்டிட்டு வர்றார். இந்த இடத்தில் எனக்கு நெருடல் உண்டு. தேடிப் போறது அன்பா, பிடிவாதமா? ஆனா கடைசித் தடவை அவ போகும்போது அவர் பின்னால போகலை. வருஷங்கள் கழிச்சு அவளாவே திரும்பி வர்றா. அந்தக் காத்திருப்பு இல்லைன்னா, என்னைப் பொறுத்தவரை அந்த நாவல் நிக்காது.

இப்போ வரலாறு. 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செஞ்சா 160 ஏக்கர் சொந்தமாகும். 21 வயசான கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பேரிலேயே நிலம் கேட்கலாம். கல்யாணமான பெண் பொதுவா கேட்க முடியாது. யோசிச்சுப் பாருங்க: விதவைக்கு நிலம் கேட்கிற உரிமை இருக்கு, மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா அது போயிடும். நிஜ மார்ட்டிகள் சிலருக்காவது முன்னால ரெண்டு வழி இருந்திருக்கும். நாவல்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் காட்டுது.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த 160 ஏக்கர் யாரும் இல்லாத வெறும் நிலம் இல்லை. ஒப்பந்தங்களாலும் ராணுவத்தாலும் பூர்வகுடி மக்களை வெளியேத்திட்டுப் பங்கு போட்ட நிலம் அது. இந்த வகை நாவல்கள் பலதிலும் அவங்க ஓரத்தில் வர்றாங்க, இல்லைன்னா வர்றதே இல்லை. போறதா தங்குறதான்னு கேட்கிற உரிமை கதாநாயகிக்குக் கிடைக்குது. அந்த மண்ணில் முன்னமே இருந்தவங்களுக்குக் கிடைக்கலை.

அதுக்காக இந்தப் புத்தகங்களை ஒதுக்கணும்னு சொல்லமாட்டேன். அடுத்த தடவை இப்படி ஒண்ணைக் கையில் எடுத்தா, முத்தம் எந்த அத்தியாயத்தில்னு தேடாதீங்க. வழிச்செலவை யார் கொடுக்கிறாங்க, எப்போ கொடுக்கிறாங்கன்னு பாருங்க. நல்ல நாவலா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.